குரல் கொடுத்தவள்

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து யாராவது "யாரு?" என்று கேட்டால், என் பெயரைச் சொல்வேன், வந்த வேலையைச் சொல்வேன். "நான்தான்" என்று மட்டும் சொல்லமாட்டேன். போனிலும் அப்படித்தான். என்னோடு வேலை பார்க்கிறவர்கள் இதை வைத்து என்னை ஓட்டாத நாள் கிடையாது. ஓட்டட்டும். அவர்கள் வீட்டில் யாருக்கும் இது நடக்கவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். குழாய்க்குள் இருப்பதைத்தான் எழுதிக் கொடுப்பேன். இருக்கலாம் என்று தோன்றுவதை எழுதிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் "வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற ரகம் நான். இருந்தும் சொல்கிறேன்... இது நடந்தது. என் தம்பி மனைவிக்கு நடந்தது. அவள் இதை எனக்கு எப்படிச் சொன்னாள் என்பதை இப்போதே சொன்னால் கதையில் பாதி போய்விடும். பிறகு சொல்கிறேன்.

தெருவில் அவளைக் குரல்காரி என்பார்கள். டிவி தொடர்களுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பது அவள் தொழில். பத்து வயதுப் பையனா, பல் போன கிழவியா, எதுவானாலும் அவள் தொண்டையில் இருக்கும். ஒரு தொடரில் மாமியாரும் மருமகளும் ஒரு வருடம் விடாமல் சண்டை போட்டார்கள். இரண்டு வாயும் அவளுடையது. என் தம்பி கப்பலில் சமையல்காரன், வருடத்தில் பாதி நாள் கடலில் கிடப்பவன். வீடு கட்டியது அவள்தான். "இந்த வீட்ல ஒவ்வொரு செங்கல்லும் என் தொண்டையிலேர்ந்து எடுத்து வெச்சதுக்கா" என்பாள். சும்மா சொன்னதில்லை. அந்த வீட்டு மேல் அவளுக்கு அப்படி ஒரு உயிர்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு குரலைப் பேசி முடித்ததும் ஒரு வாய் வெந்நீர் குடிப்பாள். பிறகு தன் சொந்தக் குரலில் மெதுவாக "நான்தான்" என்று ஒரு தடவை சொல்லிக்கொள்வாள். அப்படிச் செய்யாவிட்டால் பேசின குரல் தொண்டையில் ஒட்டிக்கொள்ளுமாம். ஒருநாள் மறந்துபோய், அந்த மாமியார் குரலிலேயே என் தம்பியிடம் போனில் பேசித் தொலைத்தாள். அவன் நடுக்கடலில் போனை வைத்தவன், இரண்டு நாள் எடுக்கவே இல்லை.

அந்தத் தெருவில் ஒன்பது வீடுகள். எல்லாம் ஒட்டு வீடுகள். இந்த வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒருவர் ஆணி அடித்தால் பக்கத்து வீட்டில் படம் விழும். அப்படி நெருக்கியடித்துக்கொண்டு நின்ற தெருவை, 'பொது நோக்கத்துக்காக' எடுத்துக்கொள்வதாக அரசாங்கம் அறிவித்தது. பள்ளிக்கூடமோ பாலமோ என்று நினைத்தார்கள். விசாரித்துப் பார்த்தால், ஒரு தனியார் கம்பெனி கட்டப்போகும் ஏழு மாடிக் கடை வளாகம். "அப்போ நாம பொதுவும் இல்ல, நோக்கமும் இல்ல. வெறும் இடைஞ்சல்" என்றார் முதல் வீட்டுத் தையல்காரர்.

ஒன்பது வீட்டுக்காரர்களும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். முதல் கையெழுத்து ஐந்தாவது வீட்டுத் தபால்காரருடையது. தெருவுக்கு நட்டநடுவில் இருந்ததால் அதை நடு வீடு என்பார்கள். அவர் ஓய்வு பெற்றவர், மனைவி இறந்தபின் தனி ஆள். மூட்டுவலித் தைலமும் முன்கோபமும்தான் அவருக்குத் துணை.

நீதிமன்றம் ஒரு இடைக்கால உத்தரவு போட்டது. தீர்ப்பு வரும்வரை ஆள் குடியிருக்கிற வீட்டில் கை வைக்கக் கூடாது. அதிகாரிகள் வாசற்படி தாண்டி உள்ளே போகவும் கூடாது. ஆனால் ஆள் இல்லாத வீட்டை எடுத்துக்கொள்ளலாம். கொடுத்த மாதிரியும் ஆயிற்று, கொடுக்காத மாதிரியும் ஆயிற்று.

அதன் பிறகு சாயங்கால வேளைகளில் ஒரு அதிகாரி வர ஆரம்பித்தார். மழையோ வெயிலோ, கையில் குடை விரித்தே இருக்கும் என்பதால் அவருக்குக் குடைக்காரர் என்று பெயர் விழுந்தது. பின்னால் ஒருவன் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு வருவான். குடைக்காரர் கதவைத் தட்டி "வீட்ல யாரு?" என்பார். உள்ளேயிருந்து குரல் வந்தால் அடுத்த வீட்டுக்குப் போவார். மூன்று தடவை தட்டியும் குரல் வராவிட்டால் சுவரில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி விழும். மறுநாள் காலையில் புல்டோசர் வரும். ஒட்டு வீடுகள் என்றேனே... ஒன்று விழுந்தால் இரண்டு பக்கமும் சுவர் வாய் பிளக்கும். நடு வீடு விழுந்தால் தெருவே ஆட்டம் கண்டுவிடும்.

வேலைவெட்டிக்குப் போகிறவர்கள் எத்தனை நாள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பார்கள்? எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, "நான் குரல் குடுக்கறேன்" என்றாள் குரல்காரி. வீடுகளின் பின்கதவுகள் எல்லாம் ஒரே சந்தில் திறப்பவை. வெளியே போகிறவர்கள் பின்கதவைத் தாழிடாமல் போவார்கள். தெருமுனையில் குடை தெரிந்ததும் அவள் சந்து வழியாக ஓடி, காலி வீட்டுக்குள் புகுந்து, அந்த வீட்டு மனிதரின் குரலிலேயே பதில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவாள். ஏமாற்று வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. கடை கட்டுவதற்குப் பொது நோக்கம் என்று பெயர் வைக்கலாம் என்றால், இதற்குக் குடியிருப்பு என்று பெயர் வைப்பதில் என்ன தப்பு என்பது என் கட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தபால்காரருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவரைத் தாங்கிப் பிடித்திருந்தவள் குரல்காரி. அவர் காலில் செருப்பை மாட்டிவிட்டதும் அவள்தான். இடது செருப்பின் வார் அறுந்துபோய் செப்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. அந்தக் கம்பி அவள் விரலைக் கீறிவிட்டது.

வண்டியில் ஏற்றும்போது அவர் அவள் கையை விடவில்லை.

"நான் இல்லன்னு மட்டும் சொல்லிடாதம்மா."

"நீங்க இருக்கீங்க ஐயா. நான் பாத்துக்கறேன்."

தையல்காரர் கூடவே போய், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பினார். தீவிரச் சிகிச்சை, யாரையும் பார்க்க விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். புதன்கிழமை அதே நகரத்தில் வழக்கு விசாரணை. அதை முடித்துக்கொண்டு எல்லோருமாகப் போய்ப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

திங்கட்கிழமை குடைக்காரர் வந்தார். குரல்காரி நடு வீட்டுப் பின்கதவுக்குள் நின்றபடி தபால்காரர் குரலில் பேசினாள். அவர் எப்போதும் முதலில் ஒரு இருமல் இருமுவார். பிறகு, "இருக்கேன்... எங்க போயிடப் போறேன்?" என்பார். குடைக்காரரிடம் தினமும் சொல்கிற பதில் அது. அவள் அதை அச்சு அசலாகச் சொன்னாள். குடைக்காரர் நகர்ந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமையும் அதே மாதிரி. ஆனால் போகும்போது குடைக்காரர் தையல்காரரிடம் ஒன்று சொன்னார். பெரியவருக்குக் கோபம் குறைந்துவிட்டது போலிருக்கிறது, ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், வழக்கம்போலத் திட்டவில்லை என்றார்.

தையல்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மனுஷன் திரைச்சீலையைப் பார்த்து ஏமாந்திருக்கிறான் என்று குரல்காரியிடம் வந்து சொன்னார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்குள் வந்து படுத்த பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. நடு வீட்டு ஜன்னலில் திரைச்சீலையே கிடையாது.

புதன்கிழமை விடிந்ததிலிருந்து மழை. மின்சாரத்தை முந்தின வாரமே வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். விசாரணைக்கு ஆள் நிறைய வர வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்ததால் தெருவே ஒரு வேனில் ஏறிப் புறப்பட்டது. தையல்காரர் மனைவி, நான் துணைக்கு இருக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், ஒரு தெருவுக்கு ஒரு தொண்டை போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள் குரல்காரி. வெந்நீர் பிளாஸ்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடைசி வீடான தன் வீட்டு மாடியில் நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஆறு இருபதுக்குக் குடை தெரிந்தது.

விசாரணை நாளன்று தெரு காலியாக இருக்கும் என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. சந்துக்குள் ஓடினாள். மற்றப் பின்கதவுகளையெல்லாம் தாண்டி முதல் வீட்டுக்குள் புகுந்தாள்.

தையல்காரர் மனைவியாக, "அவர் இல்லீங்க, நான் இருக்கேன்." ஒரு வாய் வெந்நீர். "நான்தான்." அடுத்த வீடு. சின்னப் பையனாக, "அம்மா குளிக்கறாங்க." வெந்நீர். "நான்தான்." மூன்றாவது வீட்டில் காது கேட்காத பாட்டி. "என்னது? சத்தமா பேசு. யாருன்னேன்?" குடைக்காரர் தொண்டை வறளக் கத்திவிட்டு அலுத்துப்போய் நகர்ந்தார். நான்காவது வீட்டில், தூங்கி எழுந்த பேக்கரிக்காரர் போட்ட ஒரு "ம்ம்". அவ்வளவு பயத்திலும் அவளுக்குள் ஒரு குஷி. உடம்பெல்லாம் மழைத் தண்ணீர். ஐந்தாவது பின்கதவைத் தள்ளினாள்.

திறக்கவில்லை.

நேற்று அவள்தான் தாழிடாமல் சாத்தியிருந்தாள். நன்றாக நினைவிருக்கிறது. மறுபடி தள்ளினாள். அசையவில்லை. முன்பக்கம் குடைக்காரரின் செருப்புச் சத்தம் நடு வீட்டுப் படியேறுகிறது. "ஐயா, கதவு..." என்று தன்னையறியாமல் முணுமுணுத்தாள்.

க்ளிக்.

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

மழையில் ஊறின மரம், தானாக விட்டுக்கொடுத்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். இருட்டு. முன் ஜன்னல் வழியாக மட்டும் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம். முதலில் வந்தது வாசனை. மூட்டுவலித் தைலம். மூன்று நாளாக ஆள் இல்லாத வீட்டில், இப்போதுதான் உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்த மாதிரி... சுள்ளென்று.

அறை வாசலில் ஏதோ கால் தட்டியது.

குனிந்து பார்த்தாள். செருப்பு. ஒரு ஜோடி. ஈரமாக இருந்தது. உள்ளே பார்த்தபடி கழற்றி விட்டிருந்தது. இடது செருப்பைத் தொட்டுப் பார்த்தாள். கம்பி. அதே கம்பி. அவள் விரலைக் கீறின கம்பி.

அவள் கையால் மாட்டிவிட்ட செருப்பு அது. அதோடுதான் அவர் ஆம்புலன்ஸில் ஏறினார்.

டக். டக். டக்.

"பெரியவரே... வீட்ல யாரு?"

யாராவது கொண்டுவந்து போட்டிருப்பார்கள். தையல்காரர் கொண்டுவந்திருப்பார். சொல்ல மறந்திருப்பார். அப்படித்தான் இருக்கும்... எப்படி இருந்தாலும் மூன்று தட்டுக்குள் குரல் வேண்டும். இந்தச் சுவரில் குறி விழுந்தால் அவள் சுவரும் நிற்காது.

டக். டக். டக்.

மூச்சை இழுத்துப் பிடித்தாள். இருமினாள்.

"இருக்கேன்... எங்க போயிடப் போறேன்?"

வெளியே "சரி சரி" என்று ஒரு முனகல். செருப்புச் சத்தம் படியிறங்கியது.

பிளாஸ்கை எடுத்தாள். மூடி திறக்கவில்லை. திருகினாள். வழுக்கியது. வெந்நீர் இல்லை. "நான்தான்" இன்னும் சொல்லவில்லை. அந்தக் குரல் இன்னும் தொண்டைக்குள்தான் இருந்தது.

அப்போது...

உள்ளறையில் யாரோ இருமினார்கள்.

அதே இருமல்.

அவள் இருமின மாதிரி இல்லை. அவள் யாரைப் பார்த்து இருமக் கற்றாளோ, அந்த இருமல்.

ஓட வேண்டும் என்று நினைக்கிறாள். கால் வரவில்லை. இருட்டுக்குள் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ எழுந்து உட்காருகிறார்கள்.

"யாரு?"

நம்மில் யாராக இருந்தாலும் அதற்கு ஒரே பதில்தான். யோசித்துச் சொல்வதில்லை. வாயே சொல்லிவிடும். அவள் வாயும் சொல்லிவிட்டது.

"நான்தான்."

தபால்காரர் குரலில்.

கட்டில் மறுபடி கிறீச்சிட்டது.

"நீதான்னா..." உள்ளே அந்தக் குரல் மெதுவாகக் கேட்டது. "அப்போ நான் யாரு?"

அவள் கத்தினாள். கத்தினதாகத்தான் நினைத்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"இருக்கேன்னு நீதானேம்மா சொன்ன... மூணு நாளா... அதான் வந்துட்டேன்."

தைல வாசனை நெருங்கியது.

தரையில் ஈரக்கால் சத்தம். ப்ளச்... ப்ளச்...

அவள் கழுத்துக்குப் பக்கத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். நீளமாக.

அதன் பிறகு அந்த இருட்டில் கேட்டது அவருடைய குரல் இல்லை.

"நான்தான்."

அது அவளுடைய குரல். வேஷம் எதுவும் போடாத, சொந்தக் குரல்.

அவள் உதடு அசையவில்லை.

பின்பக்கம் விழுந்தடித்து ஓடி, சந்துப் படியில் தடுக்கி உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. குடைக்காரர் ஆறாவது வீட்டுக் கதவைத் தட்டுவது கேட்டது. போச்சு, இனி நான்கு வீடும் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால்...

ஆறாவது வீட்டிலிருந்து பதில் வந்தது. நைட் டியூட்டி நர்ஸின் சலித்த குரல்.

ஏழாவது வீடு. கிழவர் குரல்.

எட்டாவது வீடு. குழந்தை. அந்த வீட்டில் குழந்தையே கிடையாது. ஆளரவம் காட்டுவதற்காக அவளே போன மாதம் கற்பனையாக உண்டாக்கின குரல் அது. அது சிரித்தது.

ஒன்பதாவது வீடு. அவள் வீடு. கதவைத் தட்டும் சத்தம்.

"வீட்ல யாரு?"

"இருக்கேன் சார்" என்றது அவள் குரல், அவள் வீட்டுக்குள்ளிருந்து.

ராத்திரி எட்டு மணிக்கு வேன் வந்தது. வழியில் குடைக்காரரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். ஒன்பது வீட்டிலும் ஆள் இருக்கிறது என்று கடுகடுத்த முகத்தோடு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். சந்துப் படியில் நனைந்து உட்கார்ந்திருந்தவளைப் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தெருவையே காப்பாத்திட்டே என்று அழுதார்கள். அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். களைத்துவிட்டாள் என்று நினைத்தார்கள்.

தையல்காரர்தான் அவள் முன்னால் உட்கார்ந்து சொன்னார். விசாரணை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம், தபால்காரர் போய்விட்டார் என்றார். இன்றைக்கு இல்லை. சேர்த்த அன்றே, ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது அவருடைய சொந்த போன் நம்பர். அந்த போனோ சார்ஜ் இல்லாமல் நடு வீட்டுக்குள் கிடந்தது. போலீஸ் மூலம் தகவல் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெயரில் இப்போது தெருவே இல்லை, பதிவிலிருந்து எடுத்தாயிற்று என்று பதில் போயிருக்கிறது. ஒரு தபால்காரரின் சாவுச் செய்தி முகவரி இல்லாமல் திரும்பிப் போய்விட்டது.

அப்படியென்றால் அவள் திங்கட்கிழமை குரல் கொடுத்ததும், செவ்வாய்க்கிழமை குரல் கொடுத்ததும்... செத்துப்போன ஒருவருக்கு.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையைத் தையல்காரர் பிரித்தார். சட்டை, வேட்டி, மூக்குக் கண்ணாடி. செருப்பு மட்டும் காணவில்லை, கேட்டோம், தெரியாது என்றுவிட்டார்கள் என்றார். குரல்காரி அவர் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கி நடு வீட்டுக்குள் அடித்தாள். அறை வாசலில் ஒரு ஜோடி செருப்பு. கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

அன்றைக்குப் போன குரல் திரும்பவில்லை. என் ஆஸ்பத்திரியிலேயே பெரிய டாக்டரிடம் காட்டினேன். தொண்டைக்குள் விளக்கு விட்டுப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஏன் பேசவில்லை என்றுதான் தெரியவில்லை என்றார். நான் மேலே சொன்னதை எல்லாம் அவள் எனக்குச் சொன்னது வாயால் இல்லை. சைகை காட்டினாள். சிலேட்டில் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். "அப்போ நான் யாரு" என்ற வரியை மட்டும் எழுதியவுடனே அழித்துவிட்டாள்.

அடுத்த வருடம் வழக்குத் தோற்றது. தெரு போயிற்று. எட்டு வீடுகளை ஒரே நாளில் இடித்தார்கள். நடு வீட்டுக்கு மட்டும் ஒரு வாரம் ஆனது. புல்டோசர் ஓட்டுநர் வண்டியைக் கிளப்புவதும், "உள்ள ஆள் இருக்கு சார்" என்று இறங்கி வருவதுமாக இருந்தாராம். கடைசியில் வேறு ஆளை வைத்து இடித்தார்கள். என் தம்பி வீட்டின் நிலைக்கதவை மட்டும் எடுத்து வந்தோம். குரல்காரி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் தொண்டையிலிருந்து வந்த வீடும் இல்லை, வீட்டைக் கட்டின தொண்டையும் இல்லை. எனக்கு வயிறு எரிகிறது. வேறென்ன சொல்ல?

ஏழு மாடியும் எழும்பிவிட்டது. அந்தப் படியை மிதிப்பதில்லை என்று இருந்தவள்தான் நானும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணப் பரிசு வாங்க எல்லோரும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கீழ்த் தளத்தில் பெரிய துணிக்கடை. பளிச்சென்று விளக்கு, பாட்டு, கூட்டம். ஒரு சுடிதாரைப் போட்டுப் பார்க்கலாம் என்று ட்ரையல் ரூம் பக்கம் போனேன். வரிசை நீளமாக இருந்தது. நடுவில் ஒரு ரூமுக்கு முன்னால் மட்டும் யாரும் நிற்கவில்லை.

அதற்குப் போகலாமா என்று கடைப் பெண்ணிடம் கேட்டேன்.

"அது வேணாம் மேடம். அதுல எப்பவும் ஆள் இருக்கும்."

"எப்பவும்னா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். தட்டினா உள்ளேர்ந்து பதில் வரும், திறந்து பார்த்தா யாரும் இருக்க மாட்டாங்க, சூப்பர்வைசர்கிட்ட சொன்னா திட்டுறார் என்றாள். என்ன குரல் என்று கேட்டேன். மாறி மாறி வரும் என்றாள். சில நாள் ஒரு சின்னப் பையன். சில நாள் காது கேட்காத பாட்டி. ஒரு குழந்தை சிரிக்கும்.

"வயசானவர் குரல்தான் மேடம் அடிக்கடி. மொதல்ல ஒரு இருமல்..."

அவள் முடிப்பதற்குள் நான் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றிருந்தேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. சுற்றிலும் ஜனங்கள், விளக்கு வெளிச்சம். தட்டினேன்.

மறுபடி தட்டினேன்.

உள்ளே யாரோ தூக்கம் கலைந்து அசைகிற மாதிரி ஒரு சத்தம்.

"யாரு?"

தபால்காரர் இல்லை. பையன் இல்லை, பாட்டி இல்லை. என்னை "அக்கா" என்று கூப்பிடுகிற குரல். நான்கு வருடமாக நான் கேட்காத குரல்.

என் வாய் தானாகத் திறந்தது. "நா..." என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். துணியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். தெருவுக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது குரல்காரி வாசலிலேயே காத்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவளை அப்படிப் பார்த்து எத்தனையோ காலம். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், ஏற்கெனவே எழுதி வைத்திருந்த சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"மத்தியானம் தூங்கிட்டிருந்தேன் அக்கா. யாரோ கதவைத் தட்டினாங்க. 'யாரு'ன்னு கேட்டேன். என் சொந்தக் குரல் வந்துச்சு. ஆனா யாரும் பதில் சொல்லலை."